அலகு குத்தியவரின் மூச்சு

கை நடுங்கினால் வெட்கப்படாதீர்கள் பிள்ளைகளே. ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவருக்குக் கை நடுங்கத்தான் செய்யும். எனக்கு வேலையை விட்டு வந்த நாள் வரைக்கும் நடுங்கியது. காலையில் விளக்கேற்றி, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு, "தாயே, இன்னிக்கு என் கண்ணு முன்னாடி யார் மூச்சும் நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பையே மாட்டுவேன். என் பெண்சாதி சிரிப்பாள். "எல்லாரும் பிள்ளைங்க படிக்கணும், நகை எடுக்கணும்னு வேண்டிக்குவாங்க. நீ ஒருத்தன்தான் ஊரான் மூச்சுக்கு வேண்டிக்கிற" என்பாள்.

செஞ்சியில் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிட்டார்கள். நான் மருந்து கலக்கியதே கிடையாது. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. டாக்டரம்மா கூடவே இருந்து பார்த்து, கேட்டு, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன். மூச்சிரைப்புக்காரர்களை உட்கார வைத்து, முகத்தில் மாஸ்க் மாட்டி, மருந்தைப் புகையாக உள்ளே அனுப்புகிற அந்தச் சின்ன அறைதான் என் இடம். "கேஸ் வைக்கிற ரூம்" என்பார்கள். இப்போது அங்கே நீங்கள் நிற்கிறீர்கள். மிஷினைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மிஷினும் இல்லாமல், டாக்டரும் பக்கத்தில் இல்லாமல், நடுத்தெருவில் நின்ற ஓர் ஆடி வெள்ளியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரம் என்று ஒருத்தர். வல்லம் பக்கம் மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேலை. வேர்க்கடலைத் தோல் பறக்கிற தூசியிலேயே பாதி ஆயுசு போனவர். அதோடு பீடி வேறு. பீடியை விட்டுவிட்டார், ஆனால் பீடி அவரை விடவில்லை. மாசத்துக்கு ஒரு தடவையாவது மல்லிகா, அவர் சம்சாரம், அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து எங்கள் அறையில் உட்கார வைப்பாள்.

அவளுக்கு டாக்டரம்மா ஒரு நாள் இந்த நோயை விளக்கியதை நான் அப்படியே சொல்கிறேன். எனக்கும் அதிலிருந்துதான் புரிந்தது.

"மல்லிகா, செஞ்சி பஸ் ஸ்டாண்டுல திருவண்ணாமலை பஸ் வந்து நிக்குது. இறங்க வேண்டியவங்க இறங்குறதுக்குள்ள கீழ நிக்கிறவங்க முண்டியடிச்சு ஏறுனா இன்னா ஆகும்?"

"நசுங்கிச் சாவாங்கம்மா."

"உன் வீட்டுக்காரர் நெஞ்சுக்குள்ள அதான் நடக்குது. மூச்சுக்குழாயைச் சுத்தி வளையம் வளையமா சதை இருக்குது. தூசி, புகை பட்டா அது இறுக்கிக்கும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரியுது இல்ல, அப்போ குழாயும் கொஞ்சம் விரிஞ்சு காத்து உள்ள போயிடும். விடும்போது நெஞ்சு சுருங்கும், குழாயும் ஒட்டிக்கும். உள்ள போன காத்து வெளிய வரலை. அதுக்குள்ள அடுத்த மூச்சு. அதும்மேல இன்னொண்ணு. மூச்சு இல்லாம இல்லை அவருக்கு. நெஞ்சு ரொம்பிப் போயி, புதுசுக்கு எடம் இல்லாம தவிக்கிறாரு."

மல்லிகா வாயில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, நான் இத்தினி நாளும் நல்லா இழு, நல்லா இழுன்னு கத்திக்கினு இருந்தேனேம்மா!"

அந்த வருஷம் சித்திரையில் ஒரு தடவை ஏகாம்பரம் எங்கள் அறையிலேயே கண் செருகிப் போய்விட்டார். டாக்டரம்மா ஊசி போட்டு, மருந்து மேல் மருந்து வைத்து மீட்டார்கள். அப்போது வாசலில் நின்று மல்லிகா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். இவர் பிழைத்து எழுந்தால் ஆடித் திருவிழாவில் வாய்ப்பூட்டு அலகு குத்தி நடந்து வருவார் என்று. வாய்ப்பூட்டு என்றால் தெரியும்தானே? சைக்கிள் கம்பி கனத்தில் ஒரு வேல், ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும். இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழம். அதன் மேல் உதட்டை மூடிக்கொள்ள வேண்டும். கோயில் வாசலில் பூசாரி எடுக்கிற வரைக்கும் பேச்சு கிடையாது, தண்ணி கிடையாது.

வேண்டிக்கொண்டவள் அவள். குத்திக்கொள்ள வேண்டியவர் அவர். யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி காரியத்தை டாக்டரிடமா கேட்பார்கள்?

ஆடி வெள்ளிக்கு எங்கள் டாக்டரம்மா வருஷா வருஷம் பஜார் தெருவில் நீர்மோர் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போடச் சொல்வார்கள். வெயிலில் மயங்குகிறவர்கள், கால் வெந்தவர்கள் வருவார்கள். நான், ஒரு மருந்துப் பெட்டி, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. பெட்டியில் மூச்சிரைப்புக்கு வாயில் அடிக்கிற மருந்து பம்ப்பும், அதை மாட்டி உறிஞ்சுகிற பெரிய குழாயும் எப்போதும் இருக்கும். டாக்டரம்மா கிளினிக்கில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டம்.

உச்சி வெயில். குளக்கரையில் கிளம்பிய ஊர்வலம் பஜார் தெருவுக்குள் நுழைந்தது. முன்னால் சக்தி கரகம். வேப்பிலையும் பூவுமாக அம்மனே நடந்து வருகிற மாதிரி. கூடவே பூசாரி. பின்னால் பம்பை மேளக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் அலகு போட்டவர்கள், பால்குடம் எடுத்தவர்கள். நான் மேஜையை விட்டு எழுந்து கரகத்தைக் கும்பிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது ஏகாம்பரம் தெரிந்தார்.

மஞ்சள் வேட்டி, உடம்பெல்லாம் சந்தனம், கன்னத்தில் வேல். ஆடிக்கொண்டு வந்தார். தலை முன்னும் பின்னும் போகிறது. தோள் குலுங்குகிறது. கண் மேலே சொருகியிருக்கிறது. சுற்றி நின்ற கூட்டம், "ஆத்தா வந்துட்டா! ஏகாம்பரத்து மேல ஆத்தா வந்துட்டா!" என்று கத்தியது. ஒருத்தி மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். இன்னொருவர் சாம்பிராணித் தூபக்காலை அவர் முகத்துக்கு நேராக நீட்டிப் புகையைக் கையால் அவர் பக்கம் தள்ளினார்.

அந்தத் தோள் குலுக்கலை நான் எங்கள் அறையில் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அருள் வருவதை நான் நம்புகிறவன். என் அண்ணி மேல் வந்து பார்த்திருக்கிறேன், அவள் சொன்ன வாக்குக்கு விழுந்து கும்பிட்டிருக்கிறேன். நடுத்தெருவில் ஆத்தா வந்து ஆடும்போது, "இது ஆத்தா இல்லை, இரைப்பு" என்று சொல்ல நான் யார்? தப்பாகச் சொன்னால் அது எத்தனை பெரிய பாவம்? சொல்லாமல் விட்டால், அதைவிடப் பெரிய பாவமா?

அறையில் என்றால் காது சொல்லிவிடும். நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். இங்கே பம்பையும் உடுக்கையும் காதைக் கிழிக்கிறது. பெட்டியில் இருந்த, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற அந்தச் சின்ன மிஷினை எடுத்துக்கொண்டு ஓடி மாட்டிப் பார்த்தேன். மஞ்சளும் தண்ணீரும் நடுக்கமுமாக இருந்த விரலில் அது ஒரு நம்பரைக் காட்டியது, அழித்தது, வேறொன்றைக் காட்டியது. அதை வைத்து எந்தப் பக்கமும் முடிவு பண்ண முடியவில்லை.

கண் ஒன்றுதான் மிச்சம். கூட நடந்துகொண்டே பார்த்தேன். முகத்தைப் பார்த்தால் ஆத்தாதான். அதனால் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே, இரண்டு காறை எலும்பும் சேருகிற இடத்தில் ஒரு குழி இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி நின்றது. நெஞ்சு தூக்கியபடியே நின்றது, இறங்கவே இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி ஒரு தசை இருக்கிறதே, நெஞ்சு காற்றால் ரொம்பினால் அது தட்டையாகிப் போகும். அப்புறம் அதால் இழுக்க முடியாது. கழுத்தும் தோளும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதனால்தான் தோள் குலுங்கியது. அதனால்தான் தலை ஆடியது. மூச்சை விடுவது மூக்கு வழியாக மட்டும். வாய் பூட்டியிருக்கிறது.

பின்னால் பால்குடத்தோடு வந்த மல்லிகாவிடம் போனேன்.

"மல்லிகா, காலையில பம்ப் அடிச்சாரா?"

அவள் கண்ணில் பக்திக் கண்ணீர். "இல்லைணா. காப்பு கட்டின நாள்லேர்ந்தே அடிக்கலை. ஆத்தா கையில ஒப்படைச்சுட்டு மருந்தையும் அடிச்சா, அவளை நம்பலைன்னு ஆயிடாதா? அதான் நிறுத்திட்டாரு. ஒண்ணும் ஆகலை பாரு! நல்லாத்தான் இருந்தாரு!"

நம் ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். சோம்பலில் விட்டவர்களை, காசில்லாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் அன்பால் விட்டிருக்கிறார்கள்.

"மல்லிகா, அவருக்கு இரைப்பு. நிறுத்தணும்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் தம்பி வேலு நடுவில் வந்தான். வாட்டசாட்டமான ஆள். "இன்னா கம்பவுண்டரே, சாமி ஆடுறது உனக்கு சீக்கு மாதிரி தெரியுதா? கிளினிக்ல ஆள் வரலைன்னு தெருவுல வந்து புடிக்கிறியா?"

கூட்டத்தில் சிரித்தார்கள். ஒரு கிழவர், "உடுய்யா, தீட்டாயிடப் போவுது" என்று என்னைத் தள்ளினார்.

நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பம்பைச் சத்தத்துக்கு ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கத்திச் சொன்னேன்.

"என்ன பார்க்கிறீங்களோ அதை மட்டும் சொல்லுங்க" என்றார்கள்.

சொன்னேன். கழுத்துக் குழி, தோள், இறங்காத நெஞ்சு.

"விடுற மூச்சு?"

"இழுக்கிறது பொசுக்குனு முடியுதும்மா. விடுறது முடியவே மாட்டேங்குது. அது முடியறதுக்குள்ள அடுத்ததை இழுக்கிறாரு."

"நான் கிளம்பிட்டேன். கூட்டத்துல வண்டி எவ்வளவு தூரம் வரும்னு தெரியலை. முதல்ல உட்கார வைங்க, முன்னால சாய்ச்சு. படுக்க வைக்காதீங்க. வாயில கம்பி இருக்கிற வரைக்கும் மருந்து உள்ள போகாது, எடுத்தாகணும். யாரு எடுக்கணும், எப்படி எடுக்கணும்னு நான் இங்கேர்ந்து சொல்ல முடியாது. அங்க நிக்கிறது நீங்க. நீங்கதான் முடிவு பண்ணணும்."

போனை வைத்துவிட்டார்கள்.

நானே கம்பியை உருவினால்? ஏகாம்பரம் பல்லால் கடித்துக்கொள்வார். என்னோடு போராடுவார். அவரிடம் இருக்கிற கொஞ்ச நஞ்சத் தெம்பும் அந்தப் போராட்டத்தில் போய்விடும். வேலு என்னைச் சும்மா விடமாட்டான். அடிதடிக்கு நடுவே மூச்சு நின்றுபோகும். பூசாரி எடுத்தால் ஏகாம்பரம் வாயைத் திறப்பார், அது நிச்சயம். ஆனால் பூசாரி கரகத்தோடு முன்னால் போய்விட்டார். கரகம் ஓர் அடிகூடப் பின்னால் வைக்காது. அது வழக்கம். கோயில் வரைக்கும் இவரை நடக்கவிட்டால் கோயிலுக்குப் பிணம்தான் போகும்.

கரகம் பின்னால் வராது. ஆனால் நிற்கும். வழியில் யாராவது பாதத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் நின்றுதான் போகும். அது மனதில் பட்டதும் வேலுவின் கையைப் பிடித்தேன்.

"வேலு, என்னை அப்புறம் அடி. இப்ப ஓடு. பூசாரியைப் புடி. கரகத்தை நிக்கவைக்கச் சொல்லு. நான் உன் மாமனை அங்க தூக்கிக்கினு வரேன். ஆத்தா முன்னாடியே எடுக்கட்டும்."

அவன் என்னை முறைத்தான். அந்த நேரம் பார்த்து ஏகாம்பரத்தின் முழங்கால் மடங்கியது. கூட்டம் "ஆத்தா!" என்று கத்தியது. வேலு மட்டும் கத்தவில்லை. மாமன் உதடு கறுத்திருந்ததை அவனும் பார்த்துவிட்டான். ஓடினான்.

விழுந்தவரைத் தரையில் படுக்க வைக்கப் பத்துக் கைகள் நீண்டன. "படுக்க வைக்காதீங்க! உக்கார வைங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பந்தலிலிருந்து நாற்காலி வந்தது. உட்கார வைத்து, முன்னால் சாய்த்து, முட்டியில் கையை ஊன்ற வைத்தேன். தூபக்காலைத் தட்டிவிட்டேன். அது எவர் கையில் இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. ஆத்தா மன்னிக்கட்டும்.

"நல்லா இழு ஏகாம்பரம், இழு!" என்று யாரோ கத்தினார்கள்.

"இழுக்காதய்யா! உடு! வெளிய உடு!" அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினேன். "கம்பிக்குப் பக்கத்துல உதட்டைக் கொஞ்சம் தெறந்து, அடுப்பு ஊதுற மாதிரி ஊது. ஆத்தா கோச்சுக்க மாட்டா. ஊது!"

கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். வேண்டுதலை மீறச் சொல்கிறேனா என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது. உதடு திறக்கவில்லை.

நாலு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். பல்லக்கு மாதிரி ஆட்டிக்கொண்டு ஓடினோம். நான் பக்கத்தில் அவர் தலையை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மல்லிகா பால்குடத்தை எவளிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

வேலு கரகத்தை நிறுத்தியிருந்தான். கரகம் தூக்கியவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார். பூசாரி எங்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

"கம்பவுண்டரே, எனக்கும் புரியுது. ஆனா கோயில் வாசல்லதான் எடுக்கணும். நடு வழியில எடுத்தா வேண்டுதல் பாதியில நின்ன மாதிரி. நாளைக்கு அந்தக் குடும்பத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைக் கேப்பாங்க. வேண்டிக்கினவங்க சொல்லணும். நானா எடுக்க முடியாது."

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவர் எதையும் சொல்கிற நிலையில் இல்லை. ஆட்டம் குறைந்துவிட்டது. தோள் குலுங்குவதும் குறைந்துவிட்டது. "பாரு, அமைதியாயிட்டாரு" என்று ஒருத்தர் சொன்னார். அவர் அமைதியாகவில்லை பிள்ளைகளே. அவர் கழுத்துத் தசை களைத்துப் போனது. அது நின்றால் எல்லாம் நின்றது.

மல்லிகா பூசாரிக்கும் நாற்காலிக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் பேசுவாளா, தெரியாது. அவள் வேண்டுதலை அவளே உடைக்க வேண்டும். அதை நான் கேட்க முடியாது. கேட்டால் நாளைக்கு ஆயுசு முழுக்க அது என் மேல்தான் இருக்கும். அதனால் கேட்கவில்லை.

அவள் கரகத்தைப் பார்த்துக் கையெடுத்தாள்.

"நான் வேண்டிக்கினது இன்னா? அவரு மூச்சு விடணும்னுதானே? அலகுக்காகவா வேண்டிக்கினேன்? ஆத்தா இங்க நிக்கிறா. நான் அவகிட்டதான் பேசறேன். வாசல் எங்க இருந்தா இன்னா, அவ இங்கதானே நிக்கிறா? எடுங்க பூசாரி. எடுங்க."

பூசாரி பம்பைக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். சத்தம் நின்றது. விபூதியை அள்ளி ஏகாம்பரத்தின் கன்னத்தில் அப்பி, "தாயே" என்று சொல்லிக் கம்பியை உருவினார். ஏகாம்பரம் தடுக்கவில்லை. பூசாரி கை பட்டதும் வாயைத் திறந்தார்.

பம்பை நின்றதால் முதல் தடவையாக அவர் முதுகில் காதை வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. விசில் இல்லை, இரைப்பு இல்லை. சுற்றி நின்றவர்கள் "சத்தமே இல்லை, சரியாப் போச்சு" என்றார்கள். சத்தம் வர வேண்டுமானால் காற்று நகர வேண்டும். அங்கே காற்று நகரவே இல்லை.

பம்ப்பைக் குழாயில் மாட்டி உதட்டுக்கு நடுவில் வைத்தேன். அடித்தேன். அவர் இழுத்தாரா என்றே தெரியவில்லை. மறுபடி அடித்தேன். அவர் பின்னால் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விலா எலும்பில் வைத்து, அவர் விடுகிறபோது கூடவே அமுக்கினேன். டாக்டரம்மா முன்பு ஒரு தடவை கடைசி நிலைமையில் செய்ததைப் பார்த்திருக்கிறேன். இறங்கறவங்களை உடு, இறங்கறவங்களை உடு என்று வாய் தானாக முணுமுணுத்தது. கரகத்தைப் பார்க்க முடியவில்லை. "தாயே, நான் தப்புப் பண்ணியிருந்தா என்னை எடுத்துக்க, இவரை உட்டுடு" என்று மனதுக்குள் சொன்னேன்.

மறுபடி மருந்து. மறுபடி அமுக்கல். காதை முதுகில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

ஒரு விசில். ரொம்ப மெல்லிசாக, ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நெஞ்சு முழுக்க ஒரே இரைச்சல், நாலு அடி தள்ளி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

மல்லிகா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அய்யோ அண்ணா, இழுப்பு வந்துடுச்சுணா! இன்னாணா பண்ண? நல்லா இருந்தவருக்கு இழுப்பு வந்துடுச்சே!"

"வரட்டும்மா" என்றேன். எனக்கு அழுகை முட்டியது. "வரட்டும்மா. நல்லா வரட்டும்."

டாக்டரம்மா யாரோ ஒருவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்கள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்கள். ஊசி போட்டார்கள். ஆட்டோவில் ஏற்றி, உட்கார வைத்தபடியே கிளினிக்குக்குக் கொண்டு வந்தோம். பம்பை மறுபடி அடிக்க ஆரம்பித்தது. கரகம் கோயிலைப் பார்த்து நடந்தது.

ஆனால் பயம் அதோடு முடியவில்லை. களைத்த தசை மறுபடி எப்போது கைவிடும் என்று தெரியாது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டியை வாசலிலேயே நிற்க வைத்திருந்தார்கள். மாஸ்க்கில் புகை ஏறிக்கொண்டே இருந்தது. நான் அவர் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா அவரிடம் அடிக்கடி வந்து, "பேர் என்ன?" என்பார்கள். "ஏ..." என்பார். நிற்பார். "கா..." என்பார். பேரைச் சொல்லி முடிக்க இரண்டு மூன்று மூச்சு தேவைப்பட்டது. டாக்டரம்மா வண்டி வாசலில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். மல்லிகா விரதத்தை முடிக்காமல் சுவரில் சாய்ந்தபடி கிடந்தாள். வேலு ஒரு டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய் வெளியே நின்றுகொண்டான்.

வெயில் சாய்ந்து, அறைக்குள் விளக்குப் போடுகிற நேரம். ஏகாம்பரம் மாஸ்க்கைத் தானே கழற்றினார். என்னைத்தான் பார்த்தார். கன்னத்தில் விபூதி காய்ந்து ஒட்டியிருந்தது.

"யோவ் கம்பவுண்டரே, சித்திரையிலேர்ந்து காத்துக் கெடந்து காப்பு கட்டிக் கோயில் கோபுரம் கண்ணுல தெரியற நேரத்துல என் அலகை உருவ வெச்சதும் இல்லாம, விலாவை வேற அந்த அமுக்கு அமுக்கினியே, உனக்கு எங்க வீட்டுச் சோத்துல எதனா பாக்கி இருந்துச்சா?"

மல்லிகா எழுந்து உட்கார்ந்தாள். "யோவ், வேண்டிக்கினவ நான். முடிச்சவளும் நான். உனக்கு இன்னா வந்துச்சு? வாயை மூடு."

"மூட வேண்டாம்" என்றார்கள் டாக்டரம்மா கதவருகில் நின்றபடியே. ஏகாம்பரம் பேசியது என்ன என்பது அவர்கள் காதிலேயே விழவில்லை. எங்கேயும் நிற்காமல், ஒரே மூச்சில் இத்தனை நீளத்துக்குப் பேசியது மட்டும்தான் விழுந்தது. எனக்கும் அதுதான் விழுந்தது. வண்டிக்காரரைப் போகச் சொல்லி வேலுவை அனுப்பினார்கள்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் திட்டச் சொல்லுங்க" என்றார்கள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.